மத்திய படையினருக்குக் கமரா அணிவிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் இப்போது ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தங்கள் வீதிகளில் இறங்கி ஆட்களைக் கைது செய்யும் சமஷ்டி அரசின் உத்தியோகத்தர்கள் நெஞ்சில் கமரா அணிந்திருக்க வேண்டும் என்று ஒரு மாநிலம் சட்டம் இயற்றலாமா? இயற்றினாலும் வொஷிங்டனிலிருந்து வரும் உத்தியோகத்தர் அதற்குக் கட்டுப்படுவாரா?

இது தூரத்து ஊர்ப் பிரச்சினை போலத் தோன்றும். ஆனால் சிலாபத்திலிருந்து உடப்பு, கற்பிட்டி வரையான கரையில் செய்தி சேகரிக்கும் எனக்கு, இது நம்முடைய கேள்வியாகவே படுகிறது. இந்தக் கரையில் ஒரு மீனவர் எதிர்கொள்ளும் சீருடைகளை எண்ணிப் பாருங்கள். பொலிஸ், விசேட அதிரடிப்படை, கடற்படை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். நான்கும் கொழும்பின் கட்டளையில் இயங்குபவை. பிரதேச சபைக்கோ மாகாண சபைக்கோ இவற்றில் ஒன்றுக்கும் உத்தரவிடும் அதிகாரம் இல்லை. கடலில் ஒரு படகை மறித்துச் சோதனையிட்டபோது என்ன நடந்தது என்பதற்குப் படையினரின் சொல்லும் படகிலிருந்தவர்களின் சொல்லும் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இரண்டு சொற்களில் எதற்குப் பாரம் அதிகம் என்பது போரைக் கடந்து வந்த எவருக்கும் தெரியும்.

இலங்கையிலும் பொலிஸாருக்கு உடல் கமரா அணிவிப்பது பற்றி அவ்வப்போது பேசப்படுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் வீதிப் போக்குவரத்தையும் இலஞ்சத்தையும் சுற்றியே நிற்கிறது. அது விரியும் நாளில் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. உடல் கமரா எப்படி இயங்குகிறது, அமெரிக்க மாநிலங்கள் எதை எட்டின, எதை எட்டவில்லை, இலங்கைச் சட்டம் எங்கே நிற்கிறது, இந்தியா கற்ற பாடம் என்ன என்பவற்றை இந்தக் கட்டுரை ஒன்றாகத் தருகிறது.

உடல் கமரா எப்படி வேலை செய்கிறது?

உத்தியோகத்தரின் நெஞ்சில் பொருத்தப்படும் சிறு கருவி இது. பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டளவிலேயே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் 2014க்குப் பின்னர் வேகமாகப் பரவியது.

பல கருவிகள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் எப்போதும் சேமிப்பதில்லை. உத்தியோகத்தர் பொத்தானை அழுத்தினால்தான் பதிவு சேமிக்கப்படத் தொடங்கும். அழுத்துவதற்கு முன்னரான சில நொடிகளும் சேர்ந்து சேமிக்கப்படும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் அது 30 நொடி. அந்த 30 நொடியில் படம் இருக்கும், சத்தம் இருக்காது. கடமை முடிந்ததும் கருவியை ஒரு தளத்தில் செருகினால் பதிவு கணினிச் சேமிப்பகத்துக்குப் போய்விடும்.

ஆக, கமரா என்பது ஒரு சங்கிலி. பொத்தானை அழுத்துவது, பதிவை ஏற்றுவது, அதை வைத்திருப்பது, கேட்பவருக்குக் கொடுப்பது என நான்கு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் நீதிமன்றத்துக்கு எதுவும் வந்து சேராது.

கமரா அணிந்தாலே அடிதடி குறைந்துவிடுமா? கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரத்தில் 2012இல் தொடங்கிய ஓராண்டுப் பரிசோதனையில், பொலிஸாரின் பலப்பிரயோகமும் பொதுமக்களின் முறைப்பாடுகளும் பெருமளவில் குறைந்தன. அந்த ஆய்வைக் காட்டித்தான் பல நகரங்கள் கமரா வாங்கின. ஆனால் தலைநகர் வொஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட உத்தியோகத்தர்களை வைத்துச் செய்யப்பட்டு 2017இல் வெளியான பெரிய ஆய்வில், கமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே கமரா ஒரு மனிதனைத் திருத்திவிடும் என்று நம்பி அதைக் கேட்பது ஏமாற்றத்தில் முடியலாம். அதைக் கேட்க வேண்டியது சாட்சியத்துக்காக.

அமெரிக்க மாநிலங்கள் எதைச் செய்தன?

அமெரிக்காவில் மாநிலங்களுக்குச் சொந்தப் பொலிஸ் உண்டு. அவர்களுக்குக் கமராவைக் கட்டாயமாக்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. கொலராடோ 2020இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. இலினோயில் 2025 ஜனவரி 1 முதல் எல்லாப் பொலிஸ் பிரிவுகளுக்கும் கமரா கட்டாயம். சிக்கல் சமஷ்டி அரசின் ஆட்கள் வரும்போதுதான்.

அமெரிக்க அரசியலமைப்பில் சமஷ்டிச் சட்டமே நாட்டின் மேலான சட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. சமஷ்டி அரசு தன் வேலையைச் செய்யும் விதத்தை ஒரு மாநிலம் கட்டுப்படுத்த முடியாது என்பதை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1819ஆம் ஆண்டிலேயே மேரிலாந்து மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் நிலைநாட்டியது. கலிபோர்னியா 2025 செப்டெம்பரில் உத்தியோகத்தர்கள் முகமூடி அணிந்து கடமையாற்றுவதைத் தடை செய்து சட்டம் இயற்றியபோது, சமஷ்டி அரசு அதற்கு எதிராக நீதிமன்றம் சென்றதும் இந்த அடிப்படையில்தான். கமராச் சட்டத்துக்கும் இதே எதிர்ப்பு வரும்.

நேரே கட்டளையிட முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சம்பவம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அட்லாண்டா நகரில், சமஷ்டி அரசோடு கூட்டாக இயங்கிய அணியில் இருந்த நகரப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், ஆயுதம் இல்லாத 21 வயது இளைஞரைச் சுட்டுக் கொன்றார். நகரப் பொலிஸாரிடம் கமரா உண்டு. ஆனால் கூட்டு அணியில் வேலை செய்யும்போது அதை அணியச் சமஷ்டி விதி அனுமதிக்கவில்லை. அதனால் அந்தச் சூட்டுக்குப் பதிவு இல்லை. அட்லாண்டா நகரம் சமஷ்டி அரசுக்கு உத்தரவிட முடியாது. ஆகவே தன் ஆட்களைக் கூட்டு அணிகளிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. கமரா இல்லையென்றால் எங்கள் ஆட்களும் இல்லை என்பதுதான் அதன் பொருள். 2020 ஒக்டோபரில் அமெரிக்க நீதித் திணைக்களம் விதியை மாற்றி, கூட்டு அணிகளில் உள்ளூர்ப் பொலிஸார் கமரா அணிய அனுமதித்தது. 2021 ஜூனில் தனது சொந்த உத்தியோகத்தர்களும் திட்டமிட்ட கைது, தேடுதல் நடவடிக்கைகளில் கமரா அணிய வேண்டும் என்று அறிவித்தது. 2022 மே 25ஆம் திகதி ஜனாதிபதி பைடன் நிறைவேற்று ஆணை மூலம் அதை விரிவாக்கினார்.

அடுத்த பாடம் கசப்பானது. 2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, ஜனாதிபதி ட்ரம்ப் அந்த ஆணையை இரத்துச் செய்தார். ஒரு கையெழுத்தால் வந்ததை இன்னொரு கையெழுத்து கொண்டுபோனது.

அதன் பிறகு வழி திறந்தது நீதிமன்றத்தில். சிகாகோவில் குடிவரவுக் கைது நடவடிக்கைகளின்போது ஊடகவியலாளர்கள் மீதும் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஊடகவியலாளர் அமைப்புகள் உட்படப் பலர் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஒக்டோபரில் சமஷ்டி நீதிபதி சாரா எலிஸ், அந்த நடவடிக்கையில் ஈடுபடும் உத்தியோகத்தர்களில் கமரா உள்ளவர்கள் அதை அணிந்து பதிவு செய்ய வேண்டும் என உத்தரவிட்டார். உத்தியோகத்தர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளுக்கும் அவர்களுடைய கமராவிலேயே பதிவானதற்கும் இடையே இருந்த முரண்பாடுகளை அவர் பின்னர் தனது தீர்ப்பில் விரிவாக எடுத்துக்காட்டினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது தடையுத்தரவை இடைநிறுத்தியது. ஆனால் பதிவாகிவிட்டதை யாரும் இடைநிறுத்த முடியவில்லை.

2026 ஜனவரியில் மினியாபொலிஸ் நகரில் சமஷ்டிக் குடிவரவு நடவடிக்கைகளின்போது அமெரிக்கக் குடிமக்கள் இருவர் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதிகாரிகள் சொன்ன கதையை, வீதியில் நின்றவர்களின் கைத்தொலைபேசிக் காணொளிகள் கேள்விக்குள்ளாக்கின. மாநிலங்கள் கமராச் சட்டம் பற்றிப் பேசுவது இந்தப் பின்னணியில்தான் வலுப்பெற்றது.

இலங்கையில் மாகாணம் கேட்க முடியுமா?

சமஷ்டி என்ற சொல்லை நாங்கள் தலைமுறைகளாக அரசியல் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தச் சொல் வீதியில் நிற்கும் ஒரு பொலிஸ்காரருடைய சட்டைப் பொத்தானோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதை அமெரிக்கச் சர்ச்சை காட்டுகிறது. நமது நிலைமையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1987 நவம்பரில் சட்டமான 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குப் பொலிஸ் அதிகாரத்தைத் தருகிறது. மாகாணப் பொலிஸ் பிரிவு, மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த அதிகாரம் நடைமுறைக்கு வந்ததில்லை. இது பலருக்கும் தெரிந்த கதை.

பலரும் வாசிக்காதது அதே பட்டியலில் இருக்கும் விலக்கு. மாகாணத்துக்கு உரிய பொது ஒழுங்கு அதிகாரத்தில் தேசியப் பாதுகாப்பு அடங்காது. சிவில் அதிகாரத்துக்கு உதவியாக ஆயுதப் படைகளையோ, இலங்கை அரசின் கட்டுப்பாட்டிலுள்ள வேறு படைகளையோ பயன்படுத்துவதும் அடங்காது. அதாவது 13ஆவது திருத்தம் நாளையே முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும், கடற்படைச் சிப்பாய் ஒருவரைக் கமரா அணியச் சொல்ல எந்த மாகாணத்தாலும் முடியாது. மாகாணப் பிரிவுப் பொலிஸாரிடம் மட்டும் கேட்கலாம்.

புத்தளம் மாவட்டம் வடமேல் மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. வட மாகாண சபைக்கு நடந்த அதே நாள். 2018இல் அதன் காலம் முடிந்த பிறகு ஆளுநரே நிர்வாகத்தைக் கொண்டு நடத்துகிறார். கேட்கும் அதிகாரமும் இல்லை, கேட்கும் சபையும் இல்லை என்பதுதான் இன்றைய நிலை.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின் கீழ் ஜனாதிபதி வர்த்தமானி மூலம் முப்படையினரைப் பொது ஒழுங்கைப் பேண அழைக்கலாம். அப்படி அழைக்கப்படும்போது வீதியில் நிற்பவர் பொலிஸா, படையா என்ற வேறுபாடு மக்களின் கண்ணுக்கு மங்கிவிடும். பொலிஸுக்கு மட்டும் கமரா விதி வந்தால், பதிவே இல்லாத சீருடைகள் அதே இடத்தில் நிற்கும்.

பதிவு இல்லாத இடங்களில் நடந்தவை

2012 பெப்ரவரியில் அரசாங்கம் எரிபொருள் விலையைக் கூட்டியது. மண்ணெண்ணெய் லீற்றருக்கு 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவானது. டீசல் 84 ரூபாவிலிருந்து 115 ரூபாவானது. சிறு வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. இந்தக் கரை முழுவதும் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15ஆம் திகதி சிலாபத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் அன்ரனி வர்ணகுலசூரிய என்ற மீனவர் கொல்லப்பட்டார். வேறு சிலர் காயமடைந்தனர். விசேட அதிரடிப்படையினர் அங்கு ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். யார், எந்தக் கட்டளையின் பேரில், எத்தனை அடி தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதைக் காட்டும் பதிவு ஒன்று அந்த மீனவரின் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால், நீதி கேட்கும் அவர்களுடைய குரலுக்கு வேறொரு பலம் இருந்திருக்கும். அவர் தமிழர் அல்லர். துப்பாக்கிக்கு முன்னால் இந்தக் கரையின் சிங்களக் கத்தோலிக்க மீனவரும், உடப்புத் தமிழரும், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிமும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லாத பெயர்கள் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்று சொல்லப்பட்டது. உடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை வெளியே கொண்டுவந்தவை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019இல் அந்த மாணவர் கொலை வழக்கிலிருந்து விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது முதலில் சொல்லப்பட்டது வீதி விபத்து. துப்பாக்கிச் சூட்டுக் காயம் பிரேத பரிசோதனையில்தான் தெரிந்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞர் இறந்தபோது, சித்திரவதை பற்றி அவரே பேசிய காணொளி வெளிவந்த பிறகுதான் விடயம் நாடெங்கும் தெரியவந்தது.

இவற்றுக்கு ஒரு பொதுவான வடிவம் உண்டு. முதல் அறிக்கை அதிகாரத்தினுடையது. அது பொய் என்று காட்ட வேண்டிய சுமை இறந்தவரின் வீட்டாருடையது. அதைச் சுமந்தது ஒரு முறை ஊடகவியலாளரின் கமரா, ஒரு முறை சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, ஒரு முறை சாகும் தறுவாயில் இருந்தவரின் வாய். மூன்றும் தற்செயலாகக் கிடைத்தவை. உடல் கமராவைச் சட்டமாக்குவதன் பொருள், சாட்சியம் தற்செயலாகக் கிடைப்பதை விட்டுவிட்டு அதைக் கடமையாக்குவது.

சாத்தான்குளம் சொல்லும் எச்சரிக்கை

கமரா இருந்தும் பதிவு இல்லாமல் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2020 ஜூன் 19ஆம் திகதி தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். நிலையத்தில் சிசிரிவி கமரா இருந்தது. சேமிப்பதற்கு இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் நாளாந்தம் பதிவு தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். உண்மை வெளிவரத் துணை நின்றது அங்கு கடமையில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவரின் துணிவான சாட்சியம்.

அதே ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி, பஞ்சாப் மாநிலம் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் ஒலியோடும் இரவிலும் பதிவு செய்யும் கமராக்களைப் பொருத்த உத்தரவிட்டது. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. மேற்பார்வைக்கு மாநில, மாவட்ட மட்டக் குழுக்கள். காயமடைந்தவர் அந்தப் பதிவைக் கேட்கலாம். நமது கேள்விக்கு முக்கியமானது அடுத்த பகுதி. மத்திய அரசின் சிபிஐ, தேசியப் புலனாய்வு முகமை, அமலாக்கத்துறை போன்றவற்றின் அலுவலகங்களுக்கும் அந்த உத்தரவு பொருந்தும் என்றது நீதிமன்றம். ஒரு மாநிலம் மத்திய அரசிடம் கேட்க முடியாததை, உயிர் வாழும் உரிமையின் பெயரால் நீதிமன்றம் இரு தரப்பிடமும் ஒன்றாகக் கேட்டது.

உத்தரவு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2025 செப்டெம்பரில், ராஜஸ்தானில் எட்டு மாதங்களில் 11 பேர் காவலில் இறந்தது பற்றிய செய்தியைப் பார்த்து, கமராக்கள் இயங்காதது குறித்து அதே நீதிமன்றம் தானாகவே விசாரணையைத் தொடங்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் பொலிஸார் தாக்கி இறந்தபோதும், நாடறிந்த சாட்சியாக வந்தது ஒருவர் மறைந்திருந்து கைத்தொலைபேசியில் எடுத்த காணொளிதான்.

நம்மைப் படமெடுக்கும் கமரா

போரால் பாதிக்கப்பட்ட மக்களிடம் கமரா பற்றிப் பேசும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரசின் கமரா நமக்குப் புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்திருக்கும்போதும், நினைவேந்தலில் விளக்கேற்றும்போதும், சிவில் உடையில் நிற்பவர்கள் முகங்களைப் படமெடுத்துப் போகிறார்கள். மீனவர் ஆர்ப்பாட்டம் ஒன்றை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, என்னையும் என் கைத்தொலைபேசியையும் ஒருவர் நிதானமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். யார் நீங்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் எடுத்த படம் மறுநாள் எல்லோரும் பார்க்க வெளிவந்தது. அவர் எடுத்தது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடல் கமரா வரும்போது இந்த வேலைக்கும் அது பயன்படலாம். ஒவ்வொரு சிப்பாயின் நெஞ்சிலும் ஒரு கமரா இருந்தால், ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரின் முகமும் ஒரே நாளில் ஒரு பட்டியலாகிவிடும். எனவே பதிவு யாருடைய கையில் இருக்கும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் தாய்க் கேள்வி. படையின் கையில் மட்டும் இருக்குமானால் அது நம்மைக் கண்காணிக்கும் கருவி. படைக்கு வெளியே ஒருவரிடமும் இருக்குமானால்தான் அது சாட்சி.

சட்டம் வந்தால் எவற்றைப் பார்க்க வேண்டும்?

இலங்கையில் கமராவைக் கட்டாயமாக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று பாராளுமன்றம், மற்றது உயர் நீதிமன்றம். சுற்றறிக்கையோ அமைச்சரின் அறிவிப்போ போதாது. அடுத்த ஆட்சியில் அது காற்றோடு போகும் என்பதற்கு 2025 ஜனவரி 20 சாட்சி. அப்படி ஒரு சட்டமூலம் வந்தால் ஐந்து விடயங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, யாருக்குப் பொருந்தும் என்பது. பொலிஸுக்கு மட்டுமா, விசேட அதிரடிப்படைக்கும், கைது செய்யும், சோதனையிடும் வேளையில் கடற்படைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குமா?

இரண்டாவது, பொத்தான். கைது, சோதனை, கூட்டத்தைக் கலைத்தல் ஆகியவற்றில் பதிவு செய்வது கடமையா, உத்தியோகத்தரின் விருப்பமா?

மூன்றாவது, பதிவு இல்லாவிட்டால் என்ன விளைவு? கொலராடோச் சட்டத்தில், கமராவை இயக்கத் தவறினால், இல்லாத அந்தப் பதிவு உத்தியோகத்தருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று அனுமானிக்க இடமுண்டு. இந்த ஒரு விதி இல்லாத கமராச் சட்டம் பல் இல்லாத சட்டம்.

நான்காவது, எவ்வளவு காலம், யாரிடம்? மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ பிரதி உடனடியாகப் போக வேண்டும். பொலிஸ் ஆணைக்குழுவின் பலம் 2001 முதல் ஒவ்வொரு அரசியலமைப்புத் திருத்தத்தோடும் ஏறி இறங்கி வந்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

ஐந்தாவது, பாதிக்கப்பட்டவர் எத்தனை நாளில் பார்க்கலாம்? சிகாகோவில் 2014 ஒக்டோபரில் பொலிஸ் சுட்டுக் கொன்ற 17 வயதுப் பையன் லகுவான் மக்டொனால்டின் காணொளி, நீதிமன்ற உத்தரவின் பின் வெளிவரப் 13 மாதம் ஆனது. கொலராடோவில் முறைப்பாடு உள்ள சம்பவத்தின் பதிவை, அதை வெளியிடும்படி கோரிக்கை கிடைத்து 21 நாளில் வெளியிட வேண்டும் என்பது பொது விதி. இதோடு, ஆர்ப்பாட்டக்காரர்களை அடையாளம் காணும் வேலைக்குப் பதிவைப் பயன்படுத்தக்கூடாது என்ற தடையும் வேண்டும்.

இன்று கையில் இருப்பவை

சட்டம் வரும்வரை நமது கைத்தொலைபேசிதான் உடல் கமரா. அதன் பதிவுக்கு நீதிமன்றத்தில் இடமுண்டு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்வு நடந்தபோதே எடுக்கப்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. பதிவு மாற்றப்படாமல் இருக்க வேண்டும், எதிர்த் தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே மூலக் கோப்பை வெட்டாதீர்கள், அதன் மேல் எழுத்தோ பாட்டோ சேர்க்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். எடுத்த தொலைபேசியை அப்படியே பத்திரப்படுத்தி, கோப்பின் பிரதியை வேறொரு இடத்திலும் வைத்திருங்கள். எடுத்த நேரம், இடம், கூட நின்றவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கும் இந்த ஏற்பாடு பலருக்குத் தெரியாததால் காலம் கடந்துபோன வழக்குகள் ஏராளம். ஆணைக்குழுவின் அவசர இலக்கமும் 1996தான். மனு போடும் முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு பொலிஸ் நிலையத்தில் சிசிரிவி இருக்கிறதா, பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்று யாரும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். சாத்தான்குளத்தில் அந்தக் கேள்வியை யாராவது முன்னரே கேட்டிருந்தால், நாளாந்தம் அழியும் பதிவைப் பற்றி ஊருக்குத் தெரிந்திருக்கும்.

அட்லாண்டா நகரத்துக்கும் சமஷ்டி அரசுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இருக்கவில்லை. தன்னிடம் இருந்த சிறு பிடிமானத்தை அது பயன்படுத்தியது. நமது பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. கடற்படையோடும் பொலிஸோடும் நடக்கும் கூட்டங்களில் அவர்களும் அமர்கிறார்கள். கடலில் ஒரு படகைச் சோதனையிடும்போது பதிவு செய்யுங்கள், பிரதியை எங்களுக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள் என்று அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் எழுதச் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. மறுத்தால் மறுப்பாவது எழுத்தில் இருக்கும்.